அடுப்பு பற்றவைக்காமல் படிக்கும் சமையல் புத்தகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அலமாரியில் இரண்டு தட்டு முழுக்கப் பிரபலங்களின் சமையல் புத்தகங்களும் வீட்டு வாழ்க்கைப் புத்தகங்களும் இருக்கின்றன. பெரிய அளவு, கெட்டி அட்டை, பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம். வீட்டுக்கு வருகிறவர்கள் ஒன்றை எடுத்துப் புரட்டிவிட்டு ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். அவற்றையும், ஒவ்வொரு முறையும் நான் சொல்ல நினைத்துப் பாதியில் விட்ட பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்த மாதிரிப் புத்தகங்களைச் சொல்கிறீர்கள்?

ஒரு நடிகையோ தொலைக்காட்சியில் தெரிந்த முகமோ தன் வீட்டுச் சமையலறையைத் திறந்து காட்டும் புத்தகங்கள். குறிப்புகள் இருக்கும். கூடவே தோட்டம், மேசை விரிப்பு, ஜன்னலோரப் பூச்சாடி, மாவு படிந்த கைகள், மர மேசையைச் சுற்றிச் சிரிக்கும் நண்பர்கள் எல்லாம் இருக்கும். பெரும்பாலும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வளர்ந்த வகை இது. மார்த்தா ஸ்டூவர்ட், ஐனா கார்ட்டன், நைஜெல்லா லாசன், ஹாலிவுட் நடிகை க்வினெத் பால்ட்ரோ என்று பெயர்கள் நீளும். வற்றல் குழம்புக்குப் புளி எவ்வளவு என்று பார்க்க வாங்கும் புத்தகங்கள் வேறு. அவை என் சமையலறையில், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றன.

அதில் உள்ளதை எல்லாம் சமைப்பீர்களா?

இல்லை. இரண்டு தட்டுப் புத்தகங்களிலிருந்தும் சேர்த்து இதுவரை பத்துப் பன்னிரண்டு பண்டங்கள் செய்திருப்பேன்.

அப்புறம் எதற்கு வாங்க வேண்டும்?

நவராத்திரிக்கு அடுத்த வீட்டுக் கொலு பார்க்கப் போகிறோம். படிப்படியாக அடுக்கி, விளக்குப் போட்டு, ஓரத்தில் பூங்காவும் குளமும் வைத்திருப்பார்கள். நின்று பார்க்கிறோம், ஒவ்வொரு பொம்மையையும் விசாரிக்கிறோம், சுண்டல் வாங்கிக்கொண்டு வருகிறோம். "இதே மாதிரி உன் வீட்டில் வைக்கப் போகிறாயா?" என்று யாரும் கேட்பதில்லை. அழகாக அடுக்கியதைப் பார்ப்பதே போதுமான காரணம். எனக்கு இந்தப் புத்தகங்களும் அப்படித்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. சில வருடங்களுக்கு முன்னால் அப்பாவுக்கு அறுவைசிகிச்சை நடந்தபோது பதினோரு இரவு துணைக்கு இருந்தேன். நாவல் படிக்க முயன்றேன், ஒரு பத்தி தாண்டவில்லை. கதையில் யாருக்காவது ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தைக்கூட அப்போது தாங்க முடியவில்லை. பையில் ஐனா கார்ட்டனின் முதல் புத்தகம் இருந்தது. 1999இல் வந்தது. அமெரிக்க வெள்ளை மாளிகையில் அணுசக்தி தொடர்பான பட்ஜெட் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், 1978இல் செய்தித்தாளில் ஒரு விளம்பரத்தைப் பார்த்து, நியூயார்க்கை ஒட்டிய கடலோர ஊர் ஒன்றில் சின்னஞ்சிறு உணவுக் கடையை வாங்கினார். அந்தக் கடையின் ருசிகள்தான் புத்தகம். எலுமிச்சையும் பூண்டும் வைத்து வாட்டிய கோழி, கிண்ணம் நிறைய சூப், வெயில் விழும் மேசை.

ஒரு பக்கத்தைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருப்பேன். நர்ஸ் வந்து சொட்டுமருந்தைச் சரிசெய்துவிட்டுப் போவார், திரும்பவும் அதே பக்கம். அந்தப் பக்கங்களில் யாருக்கும் அவசரம் இல்லை, யாரும் எந்த முடிவுக்கும் காத்திருக்கவில்லை. எனக்குப் பசித்தது கோழிக்கு அல்ல, அந்த மேசையைச் சுற்றி இருந்த நேரத்துக்கு. அப்பா பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். புத்தகத்தின் முதுகில் அந்த வார்டின் டெட்டால் வாசனை வெகுநாள் இருந்தது.

இந்த வகை எப்போது தொடங்கியது?

இதுதான் முதல் என்று ஒன்றைக் காட்டுவதைவிட, நான் எடுத்துப் பார்க்கும் சில பழைய புத்தகங்களைச் சொல்கிறேன்.

1965இல் வின்சென்ட் பிரைஸ் மனைவி மேரியோடு சேர்ந்து ஒரு பெரிய புத்தகம் போட்டார். பேய்ப் படங்களில் நடித்தே பேர் வாங்கியவர். மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' பாட்டில் கடைசியில் வரும் அந்த நடுங்கவைக்கும் குரல் இவருடையதுதான். உலகத்தின் பெரிய உணவகங்களில் இருவரும் சாப்பிட்டவை, அந்த உணவகங்களின் உள்ளழகு, அவற்றின் மெனு அட்டைகள் எல்லாம் அதில் இருக்கின்றன. ஐரோப்பிய விருந்து மண்டபங்களுக்கு நடுவே லாஸ் ஏஞ்சலஸ் பேஸ்பால் மைதானத்து ஹாட் டாக்கும் இருக்கிறது. அதை அவர் சேர்த்ததற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

1971இல் நடிகை சோஃபியா லாரனின் சமையல் புத்தகம் இத்தாலியில் வந்தது. அதற்கு மூன்று வருடம் முன்பு, கர்ப்பத்தைக் காப்பாற்றுவதற்காக ஜெனீவாவில் மாதக்கணக்கில் வெளியே போகாமல் ஓய்வில் கிடந்தார். அந்த நாட்களில் குறிப்புகளை எழுதத் தொடங்கினார். நேப்பிள்ஸ் பக்கத்தில் பொட்ஸுவோலியில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பட்டினி கிடந்து வளர்ந்த பெண் அவர். பட்டினி தெரிந்தவர் எழுதும் சமையல் புத்தகத்தில் தக்காளிக்கும் ரொட்டிக்கும் கிடைக்கும் மரியாதையே தனி.

1973இல் ஓவியர் சால்வதோர் தாலி தன் மனைவி காலாவின் பெயரில் ஒரு விருந்துப் புத்தகம் போட்டார். 12 அத்தியாயம், 136 குறிப்புகள், பாரிஸின் பெரிய உணவகங்களிலிருந்து வாங்கியவை. கலோரி கணக்குப் பார்க்கிறவர்கள் இப்போதே மூடிவிடுங்கள் என்று முதலிலேயே எச்சரிக்கிறார். 2016இல் மறுபதிப்பு வந்தது. அதைச் சமைக்க வாங்கியவர்கள் மிகச் சிலராகத்தான் இருக்க வேண்டும்.

மார்த்தா ஸ்டூவர்ட்டை ஏன் எல்லோரும் குறிப்பிடுகிறார்கள்?

1982இல் வந்த அவருடைய முதல் புத்தகம்தான் இந்த வகைக்கு அச்சு வார்த்துக் கொடுத்தது என்பதால். விருந்து கொடுப்பது பற்றிய புத்தகம். எழுத்தில் எலிசபெத் ஹாஸ் துணை, படங்கள் மைக்கேல் ஸ்காட்.

மார்த்தா அதற்கு முன் பங்குச் சந்தைத் தரகராக இருந்தவர். கனெக்டிகட் மாநிலத்தில் வெஸ்ட்போர்ட் என்ற ஊரில் 1800களின் தொடக்கத்தில் கட்டிய ஒரு பழைய பண்ணை வீட்டை வாங்கி, கணவரோடு சேர்ந்து தானே செப்பனிட்டார். அங்கிருந்தே விருந்துச் சமையல் கான்ட்ராக்ட் எடுக்க ஆரம்பித்தார். கணவர் பதிப்புத் துறையில் இருந்தவர். ஒரு புத்தக வெளியீட்டு விருந்துக்கு மார்த்தா சமையல் ஏற்பாடு செய்தபோது பதிப்பாளர் ஒருவர் சாப்பிட்டுப் பார்த்து அசந்துபோனதில்தான் இந்தப் புத்தகம் பிறந்தது.

அதுவரை விருந்துப் புத்தகம் என்றால் கத்தி எந்தப் பக்கம், முள்கரண்டி எந்தப் பக்கம் என்ற ஒழுங்கு. மார்த்தா தன் வீட்டையே கதைக்களமாக்கினார். அவர் வளர்த்த அரவ்கானா வகைக் கோழிகள் நீலமும் பச்சையும் கலந்த நிறத்தில் முட்டையிடும். கூடையில் அந்த முட்டைகளைப் பார்த்தால் சமைக்கும் எண்ணமே வராது, பார்த்துக்கொண்டே இருக்கலாம். செம்புப் பாத்திரங்கள் உத்தரத்தில் தொங்கும். நள்ளிரவில் 30 பேருக்கு ஆம்லெட் விருந்து என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. நள்ளிரவில், 30 பேருக்கு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஆம்லெட். நானும் நீங்களும் அதைச் செய்யப்போவதில்லை. ஆனால் படிக்கும்போது நாமும் அந்த வீட்டில் விழித்திருக்கிறோம். விருந்தாளியாகவும் இருக்கலாம், வீட்டுக்காரியாகவும் இருக்கலாம், புத்தகம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

படங்கள் ஏன் இப்படி இழுக்கின்றன?

முதலில் வெளிச்சம். இந்தப் புத்தகங்களில் பெரும்பாலும் ஃபிளாஷ் இருக்காது, அல்லது இருப்பது தெரியாது. ஒரு பக்கத்து ஜன்னலிலிருந்து மெல்லிய வெளிச்சம் சாய்வாக விழும். மறுபக்கம் நிழல் இருக்கும். மேலோடு பொரிந்த ரொட்டியின் சொரசொரப்பும், வெண்ணெய் உருகும் பளபளப்பும் அந்த நிழலால்தான் தெரிகின்றன. நேராக முகத்தில் வெளிச்சம் அடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும். நம் கல்யாண ஆல்பங்களில் பந்திப் படங்கள் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள், அவ்வளவு அருமையான சாப்பாடு, ஒன்றும் தெரியாது.

இரண்டாவது, மங்கல். லென்ஸின் துவாரத்தைப் பெரிதாகத் திறந்து எடுத்தால் ஒரு கரண்டி அளவு இடம் மட்டும் கூர்மையாக இருக்கும், பின்னால் உள்ளதெல்லாம் பனியில் கரைந்ததுபோல் ஆகிவிடும். அந்த மங்கலில் ஒரு நாற்காலி, ஒரு கதவு, கதவுக்கு அப்பால் பச்சை. கண் சாப்பாட்டில் நிற்கிறது, மனசு கதவைத் தாண்டிப் போய்விடுகிறது. நான் மிகவும் மதிக்கும் நுட்பம் இதுதான். படத்தில் மூன்றில் இரண்டு பங்கு சரியாகத் தெரியாது, அதனால்தான் அங்கே நாம் போய் உட்கார முடிகிறது.

மூன்றாவது, கலைந்த ஒழுங்கு. கேக்கில் ஒரு துண்டு வெட்டியிருக்கும், மேசையில் தூள் சிந்தியிருக்கும், துணி கசங்கியிருக்கும். ஒரு நிமிடத்துக்கு முன்தான் யாரோ எழுந்துபோனார்கள் என்று தோன்றும். அந்தத் தூளை ஒருவர் பக்கத்தில் நின்று விரலால் தூவியிருப்பார். ஃபுட் ஸ்டைலிஸ்ட் என்பது அவருடைய வேலையின் பெயர். தட்டு, துணி, கரண்டி தேடிக் கொண்டுவர இன்னொருவர் இருப்பார். இவர்கள் பெயர் நன்றிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். நான் அந்தப் பக்கத்தை முதலில் படிப்பேன். யார் படம் எடுத்தார், யார் அடுக்கினார் என்று தெரிந்துகொண்டு படித்தால் கண் கூர்மையாகிறது.

அப்புறம் தாள். வழவழப்பான ஆர்ட் பேப்பரில் நிறங்கள் மின்னும். பூச்சு இல்லாத தாளில் மை கொஞ்சம் உள்ளிறங்கி நிறம் அடங்கிப்போகும். பழைய துணி, மரம், மழைநாள் வெளிச்சம் எல்லாம் அதில் அழகாக வரும். எனக்கு அந்த மங்கிய தாள்தான் பிடிக்கும்.

படத்தில் இருப்பது நிஜச் சாப்பாடா?

விளம்பரத் துறையில் பித்தலாட்டம் நிறைய நடந்திருக்கிறது. ஐஸ்கிரீமுக்குப் பதில் மசித்த உருளைக்கிழங்கு, பாதி வெந்த கோழிக்கு மேலே பழுப்பு நிறம் பூசுவது, பனித்துளிக்கு கிளிசரின். 1960களின் இறுதியில் அமெரிக்காவில் கேம்ப்பெல் சூப் விளம்பரத்துக்குக் கிண்ணத்தின் அடியில் கோலிக்குண்டுகளைப் போட்டு, காய்கறியெல்லாம் மேலே நிறைய மிதப்பதுபோல் காட்டினார்கள் என்று அரசின் வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது.

புத்தகங்களில் நிலைமை வேறு. இப்போது பெரும்பாலும் குறிப்பின்படி சமைத்ததையே படமெடுக்கிறார்கள். பிரிட்டன் எழுத்தாளர் நைஜெல் ஸ்லேட்டரின் 2005ஆம் ஆண்டு நாட்குறிப்புப் புத்தகத்தில், அவர் வீட்டில் அன்றன்று சமைத்ததை ஜோனதன் லவ்கின் அங்கேயே படமெடுத்தார். படம் முடிந்ததும் சாப்பிட்டார்கள். ஜனவரிப் பக்கங்களில் இருக்கும் சாம்பல் வெளிச்சம் நிஜமாகவே லண்டன் ஜனவரி வெளிச்சம்.

பிரபலங்கள் தாங்களே எழுதுகிறார்களா?

சிலர் ஆமாம். நைஜெல்லா லாசன் பத்திரிகையாளர், ஒவ்வொரு வரியிலும் அவர் குரல் கேட்கும். பலருக்கு உடன் எழுதும் ஆள் உண்டு. க்வினெத் பால்ட்ரோவின் முதல் இரண்டு புத்தகங்களில் ஜூலியா டர்ஷன் வேலை செய்தார். 2013இல் வந்த இரண்டாவதில் அவர் பெயர் அட்டையிலேயே இருக்கிறது. அப்படிப் போடுவதுதான் நேர்மை. பெயர் போடாமல் விடும் புத்தகங்கள் எனக்கு வருத்தம் தருகின்றன.

பணக்கார வாழ்க்கையைக் காட்டி ஏங்க வைப்பது தவறில்லையா?

இதுதான் கடினமான கேள்வி, நானே என்னிடம் கேட்டுக்கொண்டது.

ஃபிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த், 1957இல் நூலாக வந்த தன் கட்டுரைகளில் ஒன்றில் 'எல்' என்ற பெண்கள் பத்திரிகையின் சமையல் படங்களை ஆராய்கிறார். செர்ரி பதித்த பொன்னிறக் கௌதாரி, பாகும் கூழும் பூசி மினுக்கிய மேற்பரப்புகள். அந்தப் பத்திரிகையைப் படிப்பவர்கள் அதிகம் வசதியில்லாதவர்கள், அதனால் அது கண்ணால் மட்டும் உண்ணக்கூடிய சமையலைக் கொடுக்கிறது என்கிறார். வசதியுள்ளவர்கள் படிக்கும் 'எக்ஸ்பிரஸ்' பத்திரிகையோ நிஜமாகச் செய்யக்கூடிய குறிப்புகளைத் தருகிறதாம். அங்கே கௌதாரி வாங்கப் பணம் இருக்கிறது, ஆகவே கனவு தேவையில்லை.

அவர் பார்த்தது சரிதான். இந்தப் புத்தகங்களில் பாத்திரம் கழுவுகிறவர் வருவதில்லை. தோட்டக்காரர் வருவதில்லை. 30 பேர் சாப்பிட்ட தட்டுகள் அடுத்த பக்கத்தில் சுத்தமாக அடுக்கியிருக்கும், கழுவியது யார் என்று புத்தகம் சொல்லாது. சமையல் வேலையைப் பெண்ணின் தலையில் இன்னும் கொஞ்சம் அழுத்தவும் இந்தப் படங்கள் உதவியிருக்கின்றன. "அவள் எவ்வளவு அழகாகச் செய்கிறாள், உனக்கென்ன" என்று கேட்க ஒரு வாய்ப்பு.

ஆனால் பார்த் ஒன்றை விட்டுவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. படத்தைப் பார்க்கிறவளுக்கு அது படம் என்று தெரியும். கௌதாரி கிடைக்காது என்று தெரிந்தேதான் அந்தப் பக்கத்தில் நிற்கிறாள். நாள் முழுக்க மூன்று வேளை அடுப்படியில் நிற்கிற ஒருத்திக்கு, வேலையாக இல்லாத ஒரு சமையலறையை அரைமணி நேரம் பார்க்கக் கிடைப்பது பெரிய விஷயம். என் அம்மா அப்படித்தான் பார்ப்பார். ஆங்கிலம் படிக்கத் தெரியாது, படங்களை மட்டும் ஒவ்வொன்றாகத் திருப்புவார். "இந்த ஜன்னலைப் பாரேன்" என்பார். சாப்பாட்டைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஜன்னல்தான்.

க்வினெத் பால்ட்ரோ புத்தகங்களை ஏன் இவ்வளவு திட்டுகிறார்கள்?

2013 புத்தகத்தில் பல உணவுகளை ஒதுக்கும் பத்தியம் இருந்தது. செலவு பிடிக்கும் பொருட்கள் இருந்தன. உணவைப் பற்றிய பயத்தை அழகான படத்தோடு விற்பது எனக்கும் ஒப்புதல் இல்லை. அதை மருத்துவ ஆலோசனையாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆனால் 2011இல் வந்த முதல் புத்தகம் வேறு மாதிரி. 2002இல் இறந்துபோன தன் அப்பா ப்ரூஸ் பால்ட்ரோவின் நினைவாக எழுதியது. அப்பாவோடு சமைத்த ஞாயிற்றுக்கிழமைகள் அதில் இருக்கின்றன. எலன் சில்வர்மன் எடுத்த படங்கள்.

மனசு சரியில்லாதபோது எதை எடுப்பீர்கள்?

நைஜெல்லாவின் பேக்கிங் புத்தகம், 2000இல் வந்தது. வீட்டுத் தேவதையாக ஆவது நோக்கமில்லை, கொஞ்ச நேரம் அப்படி உணர்ந்தால் போதும் என்பது அதன் அடிநாதம். அது வந்த காலத்தில் அவர் கணவர் ஜான் டயமண்ட் தொண்டைப் புற்றுநோயில் குரலை இழந்திருந்தார். 2001 மார்ச்சில் இறந்தார். இது தெரிந்த பிறகு, அந்தப் புத்தகத்தின் கேக்குகளும் வெண்ணெய் மணமும் எனக்கு வேறு மாதிரி தெரிந்தன. நாம் ஓடிப்போய் ஒளிந்துகொள்ளும் சமையலறையில், அதை எழுதியவரும் கொஞ்சம் ஒளிந்துகொண்டிருந்திருக்கலாம்.

செய்து பார்த்தால் படத்தில் உள்ளதுபோல் வருமா?

எப்போதும் வராது. லண்டனில் ரோஸ் கிரேயும் ரூத் ராஜர்ஸும் நடத்திய ரிவர் கஃபே உணவகத்தின் முதல் புத்தகம் 1995இல் வந்தது. அதிலுள்ள 'சாக்லேட் நெமசிஸ்' கேக்கைச் செய்துபார்த்து, நடுவே கூழாகிப்போய் ஏமாந்தவர்கள் பிரிட்டனில் ஏராளம். அதற்காகப் புத்தகத்தை யாரும் தூக்கிப்போடவில்லை.

இதில் நம் ஊர்த் தொடர்பு உண்டா?

உண்டு. பத்மா லட்சுமி 1970இல் சென்னையில் பிறந்தவர். மாடலாக இருந்தபோது ஒரு வேடத்துக்காக எடை கூட்டி, பிறகு குறைத்தார். அந்தச் சமயத்துச் சமையலிலிருந்து 1999இல் முதல் புத்தகம் வந்தது. டெல்லியில் பிறந்த மதுர் ஜாஃப்ரி அவருக்கு முன்னோடி. 1965இல் பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது வாங்கியவர். லண்டனுக்கு நடிப்புப் படிக்கப் போனபோது சமைக்கத் தெரியாது, அம்மா கடிதத்தில் எழுதி அனுப்பிய குறிப்புகளில் கற்றுக்கொண்டார். 1973இல் அவர் போட்ட முதல் புத்தகத்தில் வண்ணப் படங்கள் கிடையாது, அவரே வரைந்த கோட்டுச் சித்திரங்கள்தான்.

எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வந்தது. பளபளப்பான படங்களை நம்பாமல் பல தலைமுறைக்குச் சமையல் சொல்லிக்கொடுத்தது. என் வீட்டில் இரண்டுக்கும் இடம் உண்டு, வேறு வேறு அலமாரியில்.

இன்ஸ்டாகிராமில் எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறதே?

கிடைக்கிறது, ஓடிக்கொண்டே கிடைக்கிறது. விரல் நகர்ந்தால் அடுத்தது. புத்தகத்தில் ஒரு பக்கம் நாம் திருப்பும் வரை அங்கேயே நிற்கும், கீழே கருத்து இருக்காது, விளம்பரம் வராது. மின்நூலாக வாங்கினால் செல்பேசித் திரையில் படம் சுருங்கிவிடுகிறது. டேப்லெட் என்றால் பரவாயில்லை.

விலை கட்டுப்படியாகவில்லை. பழையது வாங்கலாமா?

தாராளமாக. என்னுடையவற்றில் பாதிக்கு மேல் பழைய புத்தகக் கடையில் வாங்கியவை. முதுகுத் தையல் விட்டிருக்கிறதா, நடுவில் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, யாராவது படத்தைக் கிழித்து எடுத்திருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கறை இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

என் நைஜெல்லா புத்தகம் அப்படி வந்ததுதான். ஒரு பக்கத்தில் வெண்ணெய்க் கறை, தாள் கண்ணாடிபோல் ஆகியிருக்கிறது. ஓரத்தில் பென்சிலில், இன்னும் 10 நிமிடம் வைக்க வேண்டும் என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய ஓவன் கொஞ்சம் மெதுவானது போலிருக்கிறது. அந்தக் கேக்கை நான் செய்ததில்லை. ஆனால் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் கொஞ்ச நேரம் நிற்கிறேன், கறையை வெளிச்சத்தில் பிடித்தால் பின்பக்கத்துப் படம் தெரிகிறது.